அம்மா சந்தேகப்பட்ட சுவர்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால், முழங்கால் வலிக்கு அடுத்தபடி பேசுவது பிள்ளைகள் வாங்கிய வீட்டைப் பற்றித்தான். யார் வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது, யார் வீட்டுக் கதவு ஒரே மழையில் ஊதிக்கொண்டது, வீடு கட்டி விற்றவன் எத்தனை தடவை நடக்க விட்டான். புது வீட்டைத் தட்டிப் பார்த்துக் குறைகளை எழுதித் தரவே இப்போது தனி ஆட்கள் இருக்கிறார்கள். கெலுகோரில் என் மகன் வாங்கிய வீட்டுக்கும் ஒரு பையன் வந்தான். கையில் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு தரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். அன்று என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. "ஏம்மா இப்படி அலையிறீங்க, உட்காருங்க லா" என்றான் மகன். அவனிடம் காரணம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் தீவில் ஆயர் ஈத்தாமுக்கு ட்ராம் ஓடிக்கொண்டிருந்த காலம். நாங்கள் கடைத்தெருப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே மசாலா அரைக்கும் கடை. துணி, தலைமுடி, பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் மிளகாய் நெடி. கான்வென்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், நான் நோட்டைத் திறந்தாலே தும்முவாள். அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, அந்த நெடிக்கு நடுவே மூக்கைப் பொத்தியபடி படியிறங்குவார். அப்பாவின் அக்கா, கணவரை இழந்தவர், எங்களோடு இருந்தார். எனக்கு மூன்று வயதில் ஒரு தம்பி. அம்மாவின் வயிற்றில் இன்னொன்று.

அந்தக் குழந்தை பிறப்பதற்குள் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்புறம் சீனர்கள் கீரைத் தோட்டம் போட்டிருந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். அதில் ஒரு துண்டு எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் மண்ணை வாங்கிய முதல் ஆள் அப்பாதான். வீட்டைக் கட்ட ஒரு சீனக் குத்தகைக்காரரை அமர்த்தினார். ஊரில் எல்லாரையும் போல நாங்களும் அவரைத் தவுக்கே, முதலாளி, என்றுதான் கூப்பிட்டோம். மெலிந்த மனிதர். பேசும்போது ஆளைப் பார்க்காமல் சுவரையே பார்ப்பார். அதனால் அத்தைக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. "மூஞ்சியப் பாத்துப் பேசாதவன் கட்டுற வீடு எப்படி இருக்கும்?" என்பார்.

குழந்தை காத்திருக்கவில்லை. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஞானஸ்நானம் கொடுக்கும் நேரம்வரை இருந்துவிட்டுப் போய்விட்டது. ஆண் குழந்தை. அப்பா ஒருவரே அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். அம்மா கல்லறைக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது, "உடம்பு தேறட்டும்" என்றார். இன்னொரு முறை கேட்டபோதும் அதையே சொன்னார். மூன்றாம் முறை அம்மா கேட்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டிலிருந்து அப்படியே மறைந்துபோனது. அவனுக்காகத் தைத்த சின்னச் சட்டைகள் எங்கே போயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்போது பாதி எழும்பியிருந்த வீடு, மெதுவாக வளர்ந்து ஆகஸ்டு மாதம் முடிந்தது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பா ரயில் பாதைக்குப் பாலமும் மதகும் கட்டிய மேஸ்திரி. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா சிறு வயதில் சுண்ணாம்புத் தொட்டிக்கும் செங்கல் அடுக்குக்கும் நடுவே வளர்ந்தவர். தன் பச்சைத் தகரப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்கும் கீழே, அவர் அப்பாவின் தூக்குக்குண்டை வைத்திருந்தார். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் பித்தளைக் குண்டு. பின்னாளில் ஜப்பான்காரன் வந்த காலத்தில்தான் அது எங்கோ போய்விட்டது. அத்தை கோபம் வந்தால் அம்மாவை "பாலம் கட்டுறவர் மக" என்பார். அம்மாவுக்கு அது திட்டாகவே படாது.

அந்தக் காலத்திலும் நகரசபையிலிருந்து ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் புது வீட்டில் குடியேறலாம். எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர் ஒரு யுரேசிய இன்ஸ்பெக்டர். நாங்கள் அவரைத் துரை என்றோம். தொப்பியைக் கழற்றாமல் அறை அறையாக நடந்தார். ஜன்னலை அளந்தார். வாளியில் தண்ணீர் வாங்கிச் சாக்கடையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். அவருடைய வேலை காற்று, வெளிச்சம், சாக்கடை, கொசு. அதை அவர் சரியாகவே செய்தார். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

அப்பா தோளோடு தோள் உரசுவதுபோல அவருடனேயே நடந்தார். அத்தை தம்பியைத் தூக்கி வைத்திருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றார். துரை கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது அம்மா சொன்னார்:

"ஏங்க, அந்தப் பின்னறை மூலையை ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. ஜன்னலுக்குக் கீழ கீறல் விட்டிருக்கு. பூச்சுக் கீறல் மாதிரி தெரியல. வெளிப்பக்கம் வெயில் காலத்துலகூடத் தண்ணியில வளர்ற கங்கோங் கீரை முளைக்குது. அடியில தண்ணி நிக்குது."

துரை நிமிர்ந்து, "உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்பா சிரித்தார். "காபி குடிக்கிறீர்களா என்று கேட்கிறாள்" என்று ஆங்கிலத்திலேயே சொன்னார்.

துரை அம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். புன்னகையோடு தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். "நோ, நோ, தேங்க் யூ."

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் அந்தத் தலையாட்டல்தான். கீறலில் ஒன்றுமில்லை என்று துரை சொல்வதாக எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டார்.

அப்பா திரும்பியபோது நான் நிற்பதைப் பார்த்தார். கான்வென்டில் படிக்கிற எனக்கு இரண்டு மொழியும் புரியும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாள் வேலையிலிருந்து வரும்போது மூடியில் மயில் படம் போட்ட பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தம்பிக்குக்கூட இல்லை, எனக்கு மட்டும். நான் நான்கே நாளில் தின்று முடித்தேன்.

குடிபோனோம். பழைய வீட்டின் மிளகாய் நெடி போய், புதுச் சுண்ணாம்பின் ஈர வாசனை வந்தது. ஆனால் அம்மா பெட்டிகளைப் பிரிக்கவில்லை. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடியும் மூடிவிடுவார். பாத்திரங்களில் பாதி கோணியிலேயே இருந்தன. படங்கள் சுவரில் ஏறவில்லை. அடுத்த ட்ராமுக்குக் காத்திருப்பவர்கள்போல நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம்.

அம்மாவால் உட்கார முடியாது. அரிசி களைந்துகொண்டிருப்பவர் பாதியில் எழுந்து ஈரக் கையோடு பின்னறைக்குப் போவார். சுவரை மேலிருந்து கீழாகப் பார்ப்பார். கொஞ்சம் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எங்கே போய்ச் சேருகிறது என்று குந்தி உட்கார்ந்து கவனிப்பார். எப்போதும் அதே மூலைக்குத்தான் போகும். உத்தரத்தில் நூலைக் கட்டித் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். கீழே சுவரை ஒட்டி இருந்த நூல், மேலே ஒரு விரல்கடை விலகி நின்றது. தம்பிக்கு அதை ஆட்டி விளையாட ஆசை. அவன் கையை அம்மா தட்டிவிட்டதும் அழுதான். அத்தை ஓடிவந்தார்.

"சுவத்துக்காகப் பிள்ளைய அடிக்கிறியா?"

"சுவர் சாயுது அக்கா. வெளிப்பக்கமாச் சாயுது."

"துரையே தலையாட்டிட்டுப் போயாச்சு. உனக்கென்ன அவரவிட அதிகம் தெரியுமா?"

துரையின் தலையாட்டல் அம்மாவின் வாயை அடைத்துவிட்டது. நான் அங்கேதான் நின்றேன். துரை தலையாட்டியது காபிக்கு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பா பொய்யர் என்றாகும். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

செப்டம்பர் மழை ஆரம்பித்தது. அம்மா என் பழைய கையெழுத்துப் பயிற்சி நோட்டை வாங்கி, தாள்களை நீளமாகக் கிழித்து, கீறலின் குறுக்கே ஐந்து இடங்களில் சோற்றுப் பசையால் ஒட்டினார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதினார்.

"இது எதுக்கும்மா?"

"கீறல் அகலமாச்சுன்னா காகிதம் கிழியும். எங்கப்பா பாலத்துல இப்படித்தான் ஒட்டுவாரு. கண்ணு ஏமாத்தும், காகிதம் ஏமாத்தாது."

ஒரு பட்டியில் நான் வரிசையாக எழுதிய ஆங்கில ஆர் எழுத்துகள் இருந்தன. கீறல் நாலாவது ஆருக்கும் ஐந்தாவது ஆருக்கும் நடுவே போயிற்று. பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் போய் அதைத்தான் பார்ப்பேன். கணக்குப் பாடத்தின் நடுவில்கூட அது கிழிந்திருக்குமோ என்று தோன்றும்.

வீட்டை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வருவதாக இருந்த நாளில், அத்தை அந்தப் பட்டிகளை ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட்டார். "குஷ்டம் புடிச்ச மாதிரி இருக்கு" என்றார். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும் அம்மா புதுப் பட்டிகளை ஒட்டினார். தீர்த்தம் காயாத சுவரில் பசை பிடிக்கவில்லை. அம்மா உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே அரை மணி நேரம் நின்றார். அதைப் பார்த்த அத்தைக்குப் பயம் வந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த சோகம் அம்மாவின் தலைக்கு ஏறிவிட்டது என்று உண்மையாகவே நம்பினார். கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். அம்மா தூங்கியபோது நெற்றியில் சிலுவை வரைந்தார்.

அப்பா ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் அம்மாவின் நாடியைப் பிடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல. அந்தச் சுவத்தப் பாருங்க" என்றார் அம்மா.

டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு டானிக்கும், இடமாற்றமும் எழுதிக் கொடுத்தார்.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. அப்பா தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், கோட்டு போட்ட பிறகு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பின்னறைக்குள் போவார். நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல இருக்கும். சொந்த வீடு என்ற பெருமையில் தடவிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் நிலைகொள்ளாமல் இருந்தது அம்மா மட்டுமல்ல.

அக்டோபர் முதல் வாரத்தில் அம்மாவை நிபோங் திபாலுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அங்கே ரயில் நிலையத்தில் வேலை பார்த்த மாமா வீட்டில் இரண்டு மாதம் ஓய்வு. அப்பாவே கடல் தாண்டிப் பிறைக்குப் போகும் ஃபெரியில் கூட்டிப்போய் ரயிலேற்றிவிட்டு வருவதாகச் சொன்னார். அம்மா மறுப்புச் சொல்லவில்லை. தம்பியைத் தன்னோடு அழைத்துப் போவேன் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியாக இழுத்து, "பட்டியை தினம் பாரு. பின்னறையில படுக்காத. எனக்கு எழுது" என்றார். கையில் டானிக் பாட்டில். அந்த நிலையிலும் அவர் முகத்தில் பைத்தியத்தின் சாயலே இல்லை. பாதி வேலையில் வெளியேற்றப்பட்ட ஆளின் முகம்தான் இருந்தது.

அம்மா போனதும் அத்தை தன் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டார். காற்று நன்றாக வருகிறதாம்.

அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிவிட்டு வந்தபோது ஆர் பட்டி கிழிந்திருந்தது. நாலாவது ஆர் ஒரு பக்கம், ஐந்தாவது ஆர் ஒரு பக்கம். நடுவில் என் சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுக்கு இருட்டு. அப்பா வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு காகிதமும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார்.

"அம்மாவுக்கு எழுது. சுவர் நல்லா இருக்கு, பட்டி எல்லாம் அப்படியே இருக்குன்னு எழுது."

"கிழிஞ்சிருக்கேப்பா."

"எழுது பாப்பா. அப்பத்தான் அவளுக்குத் தூக்கம் வரும்."

எழுதினேன். நலம், நலமறிய ஆவல், சுவர் நன்றாக இருக்கிறது. அப்பா படித்துப் பார்த்து உறையில் விலாசம் எழுதினார். காலையில் ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

காலையில் அவர் கிளம்பியதும் நான் சமையல் கத்தியால் அந்தக் கிழிந்த பட்டியைச் சுரண்டி எடுத்தேன். சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: 'அம்மா, இது திங்கட்கிழமை கிழிந்தது. அப்பா அன்றைக்குத் துரையிடம் சுவரைப் பற்றிக் கேட்கவில்லை. காபி குடிக்கிறீர்களா என்றுதான் கேட்டார். துரை காபிதான் வேண்டாம் என்றார்.' கடிதத்தோடு மடித்து வைத்து உறையை ஒட்டினேன். தபால் பெட்டிக்குள் போட்ட பிறகு கையை விட்டு எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். கை நுழையவில்லை.

அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவேன். வாசலில் சைக்கிள் மணி அடித்தால் தபால்காரரா என்று ஜன்னலுக்கு ஓடுவேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. அத்தையின் கட்டில்மேல் சுவரிலிருந்து தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் தினமும் போர்வையை உதறிவிட்டுப் படுத்தார். "அத்தை, முன்னறையில படுங்க" என்றேன். "உங்கம்மா வியாதி உனக்கும் தொத்திக்கிச்சா?" என்றார்.

சனிக்கிழமை அப்பாவுக்கு அரை நாள் வேலை. சாப்பிட்டுவிட்டுச் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. அம்மா இறங்கினார், இடுப்பில் தம்பி. ரிக்‌ஷாவுக்குப் பின்னால் சைக்கிளில் தவுக்கே. ஃபெரியிலிருந்து இறங்கி நேராக அவருடைய கடைக்குப் போய் அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அம்மா தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய், அத்தையின் கட்டிலைத் தரையில் கிறீச்சிட இழுத்து வெளியே தள்ளினார். பிறகு தவுக்கேயைக் கூப்பிட்டார்.

தவுக்கே குந்தி உட்கார்ந்து கீறலைப் பார்த்தார். எழுந்து வெளிப்பக்கம் போய் அங்கேயும் பார்த்தார். திரும்பி வந்தபோது, வழக்கத்துக்கு மாறாக, சுவரை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"சுடா சாகாப்" என்றார். மலாயில், நான்தான் சொன்னேனே என்று அர்த்தம்.

அத்தை பாய்ந்தார். "என்ன சொன்னே? கலப்படம் பண்ணிக் கட்டிட்டு இப்ப என்ன சொல்றே?"

அம்மா கையைக் காட்டி அத்தையை நிறுத்தினார். "சொல்லுங்க தவுக்கே. மெதுவாச் சொல்லுங்க" என்று மலாயில் கேட்டார்.

தவுக்கே மலாயில் சொன்னார். அதை நான் இன்றைக்கும் வரி வரியாகச் சொல்வேன். இந்தப் பின்பக்கம் முன்பு குளமாக இருந்தது. தோட்டக்காரர்கள் மண் போட்டு மூடியது. இங்கே சுவர் வைப்பதற்கு முன்னால் சேற்றில் அழுகாத பாக்காவ் மரக் கம்புகளை ஆழமாக அடிக்க வேண்டும். கம்பு பேராக் கரையிலிருந்து படகில் வர வேண்டும், இரண்டு மாதமாகும். துவானிடம், அதாவது அப்பாவிடம், சொன்னேன். துவான் காத்திருக்க முடியாது என்றார். வீட்டுக்குக் குழந்தை வரப்போகிறது, சீக்கிரம் கட்டு என்றார்.

கூரையில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்பா பிரிக்காத ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா.

"எப்படிச் சொல்றது." அப்பா தரையைப் பார்த்துப் பேசினார். "அவனுக்காகத்தான் அவசரப்பட்டேன். அவன் நிக்கல. நின்னது இது ஒண்ணுதான். இதுவும் தப்புன்னு உன்கிட்ட வந்து எப்படிச் சொல்றது?"

அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எனக்குக் கிறுக்குன்னு எல்லாரும் சொன்னப்ப, நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அம்மா இடுப்பிலிருந்து அந்தக் காகிதப் பட்டியை எடுத்து அப்பாவின் மடியில் போட்டார். அப்பா பென்சில் எழுத்தைப் படித்தார். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்துத் தம்பியை இறுக்கிக்கொண்டேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி என்னிடம் அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகு இருபது வருஷம் உயிரோடு இருந்தும் பேசவில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

அம்மா தவுக்கேயிடம் திரும்பினார். "இப்ப என்ன செய்யணும்?"

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேலை. பின்னறையையும் அடுத்த அறையையும் ஒரே மாலையில் காலி செய்தோம். தவுக்கே ஆள் வைத்து வெளிப்பக்கத்தில் கம்புகளை முட்டுக் கொடுத்தார். எங்கே முட்டுக் கொடுப்பது என்று அவரும் அம்மாவும் மலாயில் வாதாடினார்கள். இரண்டு இடத்தில் அம்மா சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். கூரை ஓடுகளை இறக்கிச் சுவரைப் பிரிப்பதாகத் திட்டம். மழை அதற்கு அவகாசம் தரவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் பள்ளிக்குப் போகாமல் அம்மாவோடு முன்னறையில் இருந்தபோது, பெரிய மாடு ஒன்று பெருமூச்சு விட்டுப் படுப்பதுபோல ஒரு சத்தம். ஜன்னலோடு சேர்ந்து சுவரில் பாதி வெளியே போயிற்று. உத்தரம் ஒன்று உள்ளே விழுந்தது. அத்தையின் கட்டில் கால்கள் தரையில் பதித்திருந்த நான்கு தடங்களுக்கும் குறுக்கே அது கிடந்தது.

அத்தை வாசலில் நின்று அதைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, அம்மா கல் பொறுக்கிக்கொண்டிருந்த அரிசி முறத்தின் மறுபக்கம் உட்கார்ந்து தானும் பொறுக்க ஆரம்பித்தார். வெகுநேரம் கழித்து, "உனக்குக் கஷாயம் காய்ச்சிக் குடுத்தேனே" என்றார். அம்மா, "கசப்பாத்தான் இருந்துச்சு அக்கா" என்றார். இருவரும் தலை நிமிராமலே சிரித்தார்கள். அத்தை அழவும் செய்தார்.

துரையை மறுபடியும் அழைத்துவந்தது அப்பாதான். யாரும் அவரைக் கேட்கவில்லை. இடிந்த இடத்தைத் துரை சுற்றிப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதினார். அப்போது அப்பா ஆங்கிலத்தில் சொன்னார்: "அன்றைக்கு என் மனைவி இந்தச் சுவரைப் பார்க்கச் சொன்னாள். காபி என்று நான்தான் உங்களிடம் பொய் சொன்னேன்." துரை பேனாவை மூடினார். அம்மாவின் பக்கம் திரும்பி, இந்த முறை தொப்பியைக் கழற்றினார்.

"உங்கப்பா என்ன சொன்னாரு?" என்று அம்மா என்னைக் கேட்டார். சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. "துரைக்குக் காபி போடவான்னு கேளு" என்றார்.

துரை அன்று காபி குடித்தார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டார், கோட்டுக்குக் கஞ்சி போட்டார், ஆனால் பேச்சு என்று பெரிதாக இல்லை. அப்பா வீட்டுக்குள் நடக்கும்போதே சத்தம் வராமல் நடந்தார். இப்படியே, இறந்தவர்களை நினைத்துக் கல்லறைக்குப் போகும் கல்லறைத் திருநாள் வந்தது.

அன்று காலை அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்து வைத்துவிட்டு, அப்பாவின் முன்னால் போய் நின்றார். "எனக்கு இடம் தெரியாது. நீங்கதான் காட்டணும்."

வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறையில் ஒரே கூட்டம், மெழுகு வாசனை, மிதிபட்ட ஈரப்புல் வாசனை. பிள்ளைகளைப் புதைக்கும் பகுதி ஒரு ஓரத்தில் இருந்தது. அப்பா ஒரே ஒரு முறை வந்த இடம். சின்னச் சின்னச் சிலுவைகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக அலைந்தார். ஒன்றின்முன் நின்றார், இல்லை என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அம்மா அவசரப்படுத்தாமல் பின்னாலேயே போனார். கடைசியில் வேலியை ஒட்டி ஒரு மரச் சிலுவையின் அருகே அப்பா நின்றுவிட்டார். மண் மேடு என்று ஒன்றும் இல்லை. மழையில் மண் கீழே இறங்கி, ஒரு பாய் அளவுகூட இல்லாத பள்ளமாகி, அதில் தண்ணீர் தேங்கியிருந்தது.

அப்பாவின் முகம் கோணியது. எங்கோ ஓடி ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னில் மண்ணை அள்ளி வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையோடு முழங்காலிட்டு, தண்ணீரைக் கையால் இறைத்துவிட்டு மண்ணைக் கொட்டினார். மறுபடியும் ஓடினார். சேறாகிவிட்ட அந்தக் குழியில் மண் போடப் போட உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது டின்னோடு வந்தபோது அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஈரமா இருக்குங்க. இப்பப் போட்டா மறுபடியும் இறங்கிடும். வெயில் வரட்டும். தை மாசம் வந்து போடலாம்."

அப்பா டின்னைப் பிடித்தபடியே நின்றார்.

"உட்காருங்க" என்றார் அம்மா. "இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல."

அப்பா உட்கார்ந்தார், அந்த ஈரப் புல்லிலேயே. அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றிச் சிலுவையின் அடியில் ஊன்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்றுக்கு அணையாமல் இருக்க அப்பா சேற்றுக் கையைச் சுடரைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டார். அது எரிந்து முடியும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.